பதில் சொல்லும் கடமை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், ஏரலுக்குப் பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்ட, ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி வந்த தாமிரபரணி கரைபுரண்டு ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்து, தலைமுறைகளாக வளர்ந்த வியாபாரத்தையெல்லாம் சேற்றில் ஆழ்த்திச் சென்றது. அத்தகைய பிரவாகத்தை எந்தச் சட்டமும் தடுத்துவிடாது என்பது மெய்யே; எனினும், மாறிவரும் பருவநிலைக்கு ராஜாங்கம் எவ்வளவு ஆயத்தமாயிருக்கிறது என்பதை, அதன் தயவை எதிர்பாராத ஒருவர் வருஷந்தோறும் உரக்கச் சொல்ல வேண்டாமா?

பிரிட்டனில் 2008-ஆம் ஆண்டின் பருவநிலை மாற்றச் சட்டம் அந்த ஒருவரைச் சிருஷ்டித்தது. நிபுணர்கள் அடங்கிய சுயேச்சையான குழு கரியமில வெளியேற்றத்துக்கு வரம்பு குறித்து யோசனை கூறும். வருஷந்தோறும் பார்லிமெண்டுக்கு நிலைமையை அறிவிக்கும். சர்க்கார் அதற்குப் பதில் வைத்தே ஆகவேண்டும். வரம்பு பற்றிய யோசனையைத் தள்ளலாம், காரணம் சொல்லாமல் தள்ளலாகாது. 2050-க்குள் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்ஜியமாக்குக என்று 2019 மே மாதம் குழு சொன்னது, ஜூனில் சட்டமாயிற்று. உத்தரவிடும் அதிகாரம் சிறிதுமற்ற அக்குழுவின் பலமெல்லாம், சர்க்காருக்கு விதிக்கப்பட்ட அந்தப் பதில் சொல்லும் கடமையிலேயே அடங்கியிருக்கிறது.

நம் தேசத்தில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. பருவநிலை மாற்றத்தின் தீங்குகளினின்று காப்புப் பெறும் உரிமையை அங்கீகரித்த 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே இக்குறையைச் சுட்டியிருக்கிறது. தமிழ்நாடு 2022-இல் அறிஞர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தது. போற்றத்தக்க முயற்சிதான், ஆனால் தலைவர் முதலமைச்சர். செய்பவரே தலைமை வகிக்கும் சபை, செய்ததை அளந்து சொல்லும் சபையாக எங்ஙனம் ஆகும்?

தாமிரபரணி என்னும் பொருநை பிறக்கும் மலைத்தொடரின் கதையை எண்ணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. 2010-இல் நியமிக்கப்பட்ட மாதவ் காட்கில் குழு, மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் மூன்று தரமாகப் பிரித்துப் பாதுகாக்கும்படி 2011 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த அது, தகவல் உரிமைச் சட்டத்தின் துணைகொண்டு போராடிய பிறகே 2012 மே மாதம் ஜனங்களின் கண்ணிற்பட்டது. சில மாதங்களில், அதைப் பரிசீலிக்கக் கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு வந்தது. குறித்த நாளுக்குள் அறிக்கையையும் அதற்குரிய பதிலையும் பார்லிமெண்டில் வைத்தாக வேண்டுமென்று சட்டத்தில் ஒரு வரி இருந்திருக்குமாயின், பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றோரத்தில் வாழ்பவர்கள் அதைத் தங்கள் பாஷையில் படித்து, ஏற்கவோ மறுக்கவோ அப்போதே வாய் திறந்திருப்பார்கள்.