ஒரு சாரீரத்தின் சரித்திரம்

நல்ல சாரீரம் பகவான் கொடுத்த வரம் என்று சொல்லிவிட்டு, அதோடு திருப்தியடைந்து விடுவது நம்மில் பலருக்கு வழக்கம். வரமாகக் கிடைத்ததையும் தவறான சிக்ஷையினால் இழந்துவிடலாம். இழந்ததை நல்ல குருவின் அருளால் மீட்கவும் செய்யலாம். ருஷ்ய தேசத்தின் பிரசித்தி பெற்ற பாடகி கலீனா விஷ்நேவ்ஸ்கயாவின் வாழ்க்கையில் இவ்விரண்டும் நடந்தன.

கலீனா அம்மையார் 1926-ஆம் வருஷம் லெனின்கிராட் நகரில் பிறந்தார். பெற்றோர் கவனிக்கவில்லை. அருகிலுள்ள குரோன்ஷ்டாட் துறைமுகத்தில் பாட்டிதான் வளர்த்தாள். சைகோவ்ஸ்கியின் 'யெவ்கேனி ஒனேகின்' என்ற இசை நாடகம் பதிந்த கிராமபோன் தட்டுகள் சிறு வயதில் அவருக்குக் கிடைத்தன. அன்று முதல் குழந்தைக்கு வேறு நினைவே இல்லை. பிறகு யுத்தம் வந்தது. 1941 முதல் 1944 வரை ஜெர்மானியர் லெனின்கிராடை முற்றுகையிட்ட கொடுமையை உலகம் அறியும். முதல் குளிர்காலத்திலேயே பாட்டி இறந்து போனாள். பதினைந்து வயதுப் பெண் தன்னந்தனியே நின்றாள். விமானத் தாக்குதல் தற்காப்புப் படையில் சேர்ந்து பகலெல்லாம் உழைத்தார். மாலுமிகளின் வாத்தியக் கோஷ்டியோடு பாடினார்.

முற்றுகை நீங்கியதும் ஒரு சங்கீதப் பள்ளியில் சேர்ந்தார். விபரீதம் அங்கேதான் நேர்ந்தது. இயற்கையாகவே சரியாக அமைந்திருந்த குரலை ஆசிரியர் 'திருத்த' முற்பட்டார். சில மாதங்களில் மேல் ஸ்தாயி மறைந்தே போயிற்று! நாமும் உபாத்தியாயர் தொழிலில் இருப்பதனால், இதை எழுதும்போது நெஞ்சு சற்றே படபடக்கிறது. நன்றாக இருந்த எத்தனை குழந்தைகளை நாம் இப்படித் திருத்தியிருக்கிறோமோ!

பிறகு லெனின்கிராட் பிரதேசத்து நாடகக் கோஷ்டி ஒன்றோடு ஊர் ஊராகச் சுற்றினார். வேடிக்கை நாடகங்களில் ஆடிப் பாடிச் சில வருஷங்கள் கழிந்தன. அப்போதுதான் வேரா காரினா என்னும் வயோதிக அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தார். காரினாவுக்கு வயது எண்பதை ஒட்டி இருக்கும். பெரிய கலாசாலை எதிலும் பதவி கிடையாது. வீட்டிலேயே பாடம். ஆனால் கலீனாவின் குரலை ஒருமுறை கேட்டதும் எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஐரோப்பிய இசை நாடகத்தில் ஒலிபெருக்கி கிடையாது. அறுபது எழுபது வாத்தியங்களின் முழக்கத்தைத் தாண்டி ஒரே குரல் கடைசி வரிசை வரை செல்ல வேண்டும். மேல் ஸ்வரத்திற்குப் போகும்போது தொண்டையை இறுக்கினால் குரல் கத்தலாகும். நாளடைவில் உடைந்தும் போகும். விலாவையும் வயிற்றையும் ஆதாரமாகக் கொண்டு மூச்சைத் தாங்கி, தொண்டையைச் சும்மா விட்டுவிட வேண்டும். சொல்வதற்கு இரண்டு வரி. பழகுவதற்கோ வருஷக் கணக்கு. சுமார் இரண்டு வருஷம் கலீனா இந்த அப்பியாசத்தில் ஈடுபட்டார். போன ஸ்தாயி திரும்பி வந்தது.

நடுவில் க்ஷயரோகம் பிடித்துக் கொண்டது. நோயுற்ற நுரையீரலைக் காற்று ஏற்றிச் சுருக்கிவிட வேண்டும் என்றார்கள் வைத்தியர்கள். சுருங்கிய நுரையீரலை வைத்துக்கொண்டு பாடுவது எப்படி? சிகிச்சைக்குப் படுத்த மேஜையிலிருந்தே இறங்கி வந்துவிட்டார் அம்மையார். புது மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை அரும்பாடு பட்டுத் தேடி உட்கொண்டு பிழைத்தார்.

1952-இல் மாஸ்கோவின் போல்ஷோய் நாடகசாலை புதிய பாடகர்களைத் தேர்ந்தெடுக்கப் போட்டி வைத்தது. கலீனா பாடியது வெர்டியின் 'அய்தா'வில் நைல் நதிக்கரைப் பாட்டு. அடிமையாகிவிட்ட இளவரசி, இனித் தன் தாய்நாட்டைக் காணப் போவதில்லையே என்று ஏங்கும் பாட்டு அது. கலாசாலைப் பட்டம் இல்லாத பெண்ணை நாடகசாலை ஏற்றுக்கொண்டது.

பின்னர் வந்த புகழை விரிக்கத் தேவையில்லை. 1955-இல் செல்லோ வித்துவான் ரோஸ்ட்ரோபோவிச்சை மணந்தார். 1961-இல் நியூயார்க்கிலும் 1964-இல் மிலானிலும் பாடினார். ஷோஸ்டகோவிச் தம் கிருதிகள் சிலவற்றை அவருக்கே அர்ப்பணித்தார். ஆங்கிலேயரான பிரிட்டன் 'யுத்த அஞ்சலி'யை ஓர் ஆங்கிலேயர், ஒரு ஜெர்மானியர், ஒரு ருஷ்யப் பெண் ஆகிய மூவர் சேர்ந்து பாட வேண்டும் என்று இயற்றினார். ஆனால் 1962-இல் கவென்ட்ரியில் அதன் அரங்கேற்றத்திற்குச் செல்ல சோவியத் சர்க்கார் கலீனாவை அனுமதிக்கவில்லை! மறு வருஷம் லண்டனில் இசைத்தட்டுக்காகப் பாடினார்.

சர்க்காரோடு பெரிய சண்டை பிறகு வந்தது. துன்பத்திலிருந்த எழுத்தாளர் ஸோல்ஜெனித்சினுக்குத் தம்பதிகள் தங்கள் தோட்ட வீட்டில் இடம் கொடுத்தனர். 1970-இல் கணவர் அவரை ஆதரித்துப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தை உள்நாட்டுப் பத்திரிகை எதுவும் வெளியிடவில்லை, வெளிநாட்டில் வெளியாயிற்று. கச்சேரிகள் ரத்தாயின. 1974-இல் குடும்பம் தேசத்தை விட்டு வெளியேறியது. 1978-இல் பிரஜா உரிமையும் பறிக்கப்பட்டது. நைல் நதிக்கரைப் பாட்டின் துயரம் வாழ்க்கையாகவே வந்து சேர்ந்தது. 1990-இல் பிரஜா உரிமை திரும்பக் கிடைத்தது.

2002-இல் மாஸ்கோவில் தம் பெயரால் ஒரு பயிற்சிக் கூடம் திறந்தார். கலாசாலைப் பட்டம் பெற்று வரும் இளைஞர்கள் அங்கே முழு நாடகங்களில் பாத்திரம் ஏற்றுப் பயில்கிறார்கள். பட்டமே இல்லாத குருநாதி பட்டதாரிகளுக்குப் பாடம் சொன்னார்! கண்டிப்பில் சிறிதும் குறைவில்லை. 2006-இல் போல்ஷோய் அரங்கேற்றிய புதுமாதிரி 'ஒனேகின்' பிடிக்காமல் போகவே, தமது எண்பதாவது பிறந்த நாள் விழாவை அங்கே நடத்த மறுத்து, அதன் வாசலை இனி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். 2012 டிசம்பர் 11-ஆம் தேதி காலமாகும் வரையில் அந்தக் கோபம் ஆறியதாக நாம் கேள்விப்படவில்லை.