சாலைக்கு யார் பொறுப்பு? – 9
மண்மேடும் ஒரு கோப்பும்

இங்கிலாந்தின் நார்ஃபோக் கவுண்டியில் விண்டம் என்றொரு சிற்றூர். அங்கே ஸ்டேஷன் ரோட்டில் செமட்ரி லேன் வந்து சேரும் முனையில் ஒரு மண்மேடு இருந்தது. லேனிலிருந்து வண்டியை வெளியே எடுப்பவருக்கு, மெயின் ரோட்டில் வருவது தெரியாதபடி அது மறைத்தது. மேடு ரயில்வேயின் நிலத்தில். சாலை கவுண்டி கவுன்சிலின் பொறுப்பில்.

அந்த முனையில் முன்பே விபத்துகள் நடந்திருந்தன. மேட்டை வெட்டிவிடலாம் என்று கவுன்சில் முடிவெடுத்தது. செலவையும் தானே ஏற்கத் தயார். ஆயிரம் பவுண்டுக்குள் முடிகிற வேலை அது. ரயில்வேயிடம் கேட்டார்கள். அங்கிருந்து முடிவான பதில் வரவில்லை. கவுன்சிலும் விடாமல் கேட்கவில்லை. நம்மூரில் எந்த அலுவலகத்திலாவது மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு மீதிக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. 1988 டிசம்பர் 11 அன்று லேனிலிருந்து திரும்பிய ஒரு கார், மெயின் ரோட்டில் வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிள்காரர்மீது மோதியது. பலத்த காயம்.

கார் ஓட்டிய பெண்மணிமீது வழக்கு வந்தது. அவர் தரப்பு கவுன்சிலையும் உள்ளே இழுத்தது. விசாரணை நீதிபதி, பொறுப்பில் 70 சதவீதம் காருக்கு, 30 சதவீதம் கவுன்சிலுக்கு என்று பிரித்தார். அப்பீல் நீதிமன்றமும் அதை ஏற்றது. 1996இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைக்குப் போனபோது, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கவுன்சில் தப்பித்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஹாஃப்மன் பிரபு. அவர் வாதம் இப்படிப் போகிறது: மேட்டை அகற்றச் சட்டம் கவுன்சிலுக்கு அதிகாரம் தந்திருக்கிறது, அகற்றியே ஆக வேண்டும் என்று கடமை விதிக்கவில்லை. அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் விட்டதற்காக ஒருவர் நஷ்டஈடு கேட்க முடியாது, மிக அபூர்வமான சூழல் தவிர. மூன்றாண்டுகளில் ஐந்து விபத்து நடந்த இடங்களைத்தான் கவுன்சில் முதலில் கவனிக்கும். இந்த முனை அந்தக் கணக்கை எட்டவே இல்லை. அடிபட்டவருக்குப் பணம் தர வண்டி இன்சூரன்ஸ் இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தை ஏன் அதில் கரைக்க வேண்டும்?

கடைசி வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டுமென்றால், எந்த இடம் ஆபத்தானது என்பதைவிட எந்த இடத்தில் கேஸ் வரும் என்பதையே பொறியாளர்கள் பார்ப்பார்கள். ஆனாலும் சிறுபான்மையில் நின்ற நிக்கல்ஸ் பிரபுவின் பக்கமே நான். கவுன்சிலுக்கு ஆபத்து தெரியும். வெட்டுவதென்று முடிவும் எடுத்துவிட்டது. அதன் பிறகு நடந்தது கொள்கை முடிவு அல்ல, மறதி. கொள்கை முடிவுக்குக் கொடுக்கும் பாதுகாப்பை மறதிக்கும் கொடுப்பது என்ன நியாயம்?

இதன் வேர் பழசு. 1788இல் இங்கிலாந்தின் டெவன் கவுண்டியில், பாலம் பழுதாகிக் கிடந்ததால் தன் வண்டி சேதமானதென்று ஒருவர் கவுண்டி மக்கள்மீதே வழக்குப் போட்டார். கோர்ட் தள்ளுபடி செய்தது. மக்களுக்கென்று பொது நிதி ஏதும் இல்லை. வழக்கை அனுமதித்தால் வழக்குகளுக்கு முடிவே இராது. ஊருக்குத் தொல்லை வருவதைவிட ஒருவர் நஷ்டப்படுவது மேல் என்றார்கள். சாலையை மோசமாகப் போட்டால் கேட்கலாம், பராமரிக்காமல் விட்டால் கேட்க முடியாது என்ற விசித்திரமான விதி இப்படி வேரூன்றியது. கையைக் கட்டிக்கொண்டிருக்கும் அலுவலகத்துக்கே அதில் லாபம்.

1961இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த விலக்கை நீக்கியது. குழியில் விழுந்தவர் இனி வழக்குப் போடலாம். நியாயமான கவனத்தோடு நடந்துகொண்டோம் என்று நிரூபிப்பது சாலை நிர்வாகத்தின் பாடு. ஆனால் கடமை சாலையைப் பழுதுபார்ப்பதோடு நின்றுகொண்டது. 2004இல் யார்க்‌ஷயரின் கால்டர்டேல் கவுன்சில்மீதான வழக்கு அதை உறுதிப்படுத்தியது. மேட்டுச் சாலையில் 'மெதுவாக' என்று முன்பு எழுதியிருந்த எழுத்து அழிந்துபோயிருந்தது. எதிரே பஸ்ஸைக் கண்டு பிரேக் போட்ட பெண்மணிக்கு மூளையில் பலத்த அடி. எழுத்து, சாலைப் பராமரிப்பில் சேராது என்று சொல்லி அவர் வழக்கையும் பிரபுக்கள் சபை தள்ளியது. தளம் பழுதானால் கேள்வி உண்டு. சாலையின் வடிவமோ எச்சரிக்கையோ சரியில்லை என்றால் கிட்டத்தட்ட இல்லை.

இந்தக் கதையை இவ்வளவு தூரம் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட நமது மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்றொரு பிரிவு சேர்ந்தது. சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் மத்திய அரசு வகுத்த தரத்தைப் பின்பற்றாமல் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான நிர்வாகத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வடிவமைப்பு என்ற சொல்லே உள்ளே வந்துவிட்டது. அந்த வகையில் பிரிட்டனைத் தாண்டிவிட்டோம். ஆனால் கோர்ட் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்ற பட்டியலைப் பாருங்கள்: எந்த வகைப் போக்குவரத்து எதிர்பார்க்கப்பட்டது, ஆபத்து நிர்வாகத்துக்குத் தெரியுமா அல்லது தெரிந்திருக்க வேண்டுமா, எச்சரிக்கைப் பலகை வைத்தார்களா. பிரிட்டிஷ் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கவுன்சிலின் தற்காப்புக்காக எழுதிய வரிகள் இவை, ஏறக்குறைய அப்படியே.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே அந்த வரிகள் பாதிக்கப்பட்டவர் கேட்கும் நஷ்டஈட்டு வழக்கில் வருகின்றன. இங்கே அபராத வழக்கில். அந்த அபராதமும் குடும்பத்துக்குப் போகாது. மோட்டார் வாகன விபத்து நிதிக்குப் போகும். குடும்பம் வழக்கமாகப் படியேறும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு டிரைவரும் வண்டி உரிமையாளரும் இன்சூரன்ஸ் கம்பெனியும்தான். டூவீலரில் போனவர் எந்த வண்டியும் மோதாமல், வெள்ளைக்கோடு அடிக்காத வேகத்தடையில் தூக்கி எறியப்பட்டால்? எஃப்.ஐ.ஆரில் அதிவேகம், கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள். எதிர்த்தரப்பே இல்லாத விபத்து அது. சிவில் வழக்கு அல்லது ஹைகோர்ட் ரிட், இரண்டுதான் வழி. 2025 அக்டோபரில் பம்பாய் ஹைகோர்ட், குழியிலோ திறந்த மேன்ஹோலிலோ விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 6 லட்சம் தர வேண்டுமென்று உள்ளாட்சிகளுக்கு உத்தரவிட்டது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான்.

தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தை 'பிளாக் ஸ்பாட்' என்று அறிவிக்க மத்திய அமைச்சகம் வைத்த அளவுகோல் ஒன்று உண்டு: 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்றாண்டுகளில், மரணமோ கொடுங்காயமோ விளைவித்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள். நார்ஃபோக்கின் ஐந்தும் மூன்றும் இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நான்கு விபத்து நடந்த திருப்பம், பத்துப் பேர் சாகாதவரை பட்டியலில் வராது. பட்டியலில் இல்லாத இடத்தின் ஆபத்து நிர்வாகத்துக்குத் தெரியும் என்று எப்படிக் காட்டுவது? உங்கள் ஊர்த் திருப்பம் பற்றி நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளருக்கு டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து, அதன்மீது என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். '198ஏ'வின் 'தெரியுமா' என்ற கேள்விக்கு அந்த இரண்டு காகிதங்களும் சாட்சி.

(அடுத்த இதழில்: கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றம் போன கதை)