பச்சைத் தேக்கு மூழ்கும்... அப்புறம் பர்மா தேக்கு ஆற்றில் மிதந்தது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றைப் பார்க்கப் போனால், தூணைத் தட்டிக் காட்டி "இது பர்மா தேக்குங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். கப்பலில் வந்த மரம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கப்பல் ஏறும் முன்பே அது நீண்ட பயணம் செய்திருக்கிறது. பர்மாவின் உள்காட்டிலிருந்து ரங்கூன் துறைமுகம் வரை பெரும்பாலான மரங்களைக் கொண்டுவந்து சேர்த்தது ஐராவதி போன்ற ஆறுகள்தான். அங்கேதான் சிக்கல். வெட்டிய கையோடு பச்சைத் தேக்கை ஆற்றில் தள்ளினால் அது பெரும்பாலும் மூழ்கிவிடும்.

"மரம்னா மிதக்கத்தானே செய்யும்?" என்று தோன்றலாம். உண்மையில் மரத்தின் உட்பொருள், அதாவது அதன் செல் சுவர்கள், தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானவை. மரத்தை மிதக்க வைப்பது அந்தச் சுவர்களுக்கு இடையே அடைபட்டிருக்கும் காற்று. பச்சை மரத்தில் அந்த இடத்தில் பெருமளவு தண்ணீர் நிற்கிறது.

தண்ணீருக்குள் இறங்கும் எந்தப் பொருளும் கொஞ்சம் தண்ணீரை விலக்குகிறது. விலக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ, அதே அளவு விசை அந்தப் பொருளை மேலே தள்ளுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் சொன்ன இதைத்தான் மிதப்பு விசை என்கிறோம். கிணற்றில் குடத்தை முக்கி இழுத்தவர்களுக்கு இது கைக்குத் தெரிந்த விஷயம். தண்ணீருக்குள் இருக்கும்வரை குடம் லேசாக வரும். மேலே வந்ததும் கனக்கும்.

ஒரு கனமீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. அதே அளவு காய்ந்த தேக்கு சுமார் 600 முதல் 700 கிலோ. 700 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 700 கிலோ தண்ணீரை விலக்கியதும் மரத்தின் எடை சமன்பட்டுவிடும். அதாவது மரத்தில் 70 சதவீதம் உள்ளே, 30 சதவீதம் வெளியே. பச்சைத் தேக்கோ 1,000 கிலோவைத் தொட்டுவிடும், தாண்டவும் செய்யும். அப்புறம் எங்கே மிதப்பது?

இதற்குக் காட்டுக்காரர்கள் கண்ட வழி பொறுமை. மரத்தின் அடிப்பகுதியில் பட்டையையும் அதற்கு அடுத்த வெளிமரத்தையும் சுற்றிலும் வளையமாக வெட்டிவிடுவார்கள். வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது நின்று, மரம் நின்றபடியே சாகும். அப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிட்டு, பிறகுதான் வெட்டுவார்கள். யானைகள் இழுத்து ஓடைக்கரையில் சேர்க்கும். மழைக்காலம் வரைக்கும் அங்கேயே கிடக்கும். முக்கால்வாசி தண்ணீருக்குள் இருக்கிற மரம், ஆழமில்லாத ஓடையில் தரைதட்டிவிடும் அல்லவா? வெள்ளம் வந்ததும் மற்ற வேலையை ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும். மலையில் பெய்த தண்ணீர் கீழே இறங்கும் ஆற்றலில் மரமும் கூடவே போகும். பெரிய ஆற்றை அடைந்ததும் தெப்பமாகக் கட்டி ஓட்டினார்கள்.

இந்த மரங்களின் மதிப்பு சாதாரணமில்லை. எத்தனை தேக்கு எடுத்தார்கள் என்ற கணக்கில் பர்மா அரசவைக்கும் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கும் மூண்ட தகராறுதான், 1885-இல் ஆங்கிலேயர் மன்னர் தீபாவை வீழ்த்திய போருக்குச் சாக்கானது.

சரி, பர்மாவை விடுங்கள். அதே கணக்கு உங்கள் ஊர் ஊருணிக்கும் பொருந்தும். மனித உடலின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீருக்குச் சமம். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் மயிரிழையில் மிதப்பார்கள். மூச்சை விட்டதும் இறங்குவார்கள். பயத்தில் இரண்டு கைகளையும் மேலே தூக்கினால், கைகள் விலக்கிய தண்ணீர் குறைந்து, அந்த அளவுக்குத் தலை உள்ளே போகும். மல்லாந்து படுத்து, கைகளைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருப்பதுதான் நல்லது.

கரையில் நிற்பவர், நீச்சல் தெரியாமல் குதிக்கவே கூடாது. வீட்டில் கிடக்கும் காலி 20 லிட்டர் தண்ணீர் கேனை மூடி இறுக்கி வீசலாம். முழுதாக அமுங்கினால் அது 20 கிலோ தண்ணீரை விலக்கும். மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோதான். அதை வெளியே நிறுத்த இது தாராளம். கைப்பிடியில் கயிறோ சேலையோ கட்டிவிடுங்கள். வெறும் கேன் காற்றில் திரும்பிவிடும் என்பதால், உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வீசினால் குறி தப்பாமல் போய் விழும்.