மரை கழண்ட மேட்டர்!

'அவனுக்கு மரை கழண்டு போச்சு மச்சி'னு க்ளாஸ்ல யாரையாவது கலாய்க்கிறோமே... நிஜ மரை கழண்டா என்ன ஆகும் தெரியுமா?

பெரிய பைப்புகளை இணைக்க, முனையில வட்டத் தட்டு மாதிரி இருக்குமே, அதுதான் ஃபிளாஞ்ச். ரெண்டு ஃபிளாஞ்ச் நடுவுல கேஸ்கெட்டை வெச்சு, சுத்தி போல்ட் போட்டு முறுக்குவாங்க. முறுக்க முறுக்க போல்ட் ஸ்பிரிங் மாதிரி துளியூண்டு நீளும். அந்த இழுப்புதான் கேஸ்கெட்டை அமுக்கிப் பிடிக்குது. லோடு மொத்தமும் மரையோட பல்லு மேலதான்!

சிக்கல் என்னன்னா, மரையில ரகங்கள் ஏகப்பட்டது. 1841-ல் இங்கிலாந்தின் விட்வொர்த் வகுத்த பல்லின் கோணம் 55 டிகிரி. 1864-ல் அமெரிக்காவின் செல்லர்ஸ் சொன்னது 60. கடைசியில் 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் 60-க்கே கைகுலுக்கின. அப்படி வந்ததுதான் யு.என்.சி. மரை. ஆனாலும் பழைய விட்வொர்த் சாமான்கள் இன்னும் புழக்கத்துல இருக்கு.

அரை இஞ்ச்சில் விட்வொர்த்துக்கு இஞ்ச்சுக்கு 12 மரை, யு.என்.சி.க்கு 13. மாத்திப் போட்டா கொஞ்சத்துல இறுகி நின்னு காட்டிக் கொடுத்துடும். முக்கால் இஞ்ச்தான் வில்லன். ரெண்டுலயும் 10! பெரும்பாலும் சமத்தா ஏறிடும். ஆனா கோணம் வேறங்கறதால பல்லும் பல்லும் முழுசா உட்காராது.

'ஏறிடுச்சு, ஓகே'ங்கற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும்? பைப்பை விட்டுட்டு ஒரு நிமிஷம் வானத்துக்குப் போவோம். 1990 ஜூன் 10. பர்மிங்ஹாமில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி, 17,300 அடி உயரத்துல பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. கேப்டனோட பாதி உடம்பு வெளியே! ஊழியர்கள் அவரைப் பிடிச்சுக்க, துணை விமானி பத்திரமா இறக்கினார். கேப்டனும் பிழைச்சார். காரணம்? 27 மணி நேரத்துக்கு முன்னாடி மாட்டின 90 போல்ட்டில் 84, வெறும் 0.66 மில்லிமீட்டர் ஒல்லி. மரை இடைவெளி ஒண்ணுதான், அதனால ஏறிடுச்சு. சைஸைக் கண்ணால பார்த்தே முடிவு பண்ணியிருந்தாங்க.

பெரிய ஃபிளாஞ்ச்சில் இன்னொரு ட்விஸ்ட். 1 இஞ்ச்சுக்கு மேல யு.என்.சி. மரை பெருசாகிட்டே போகும். ஒண்ணேகாலுக்கு 7, ஒன்றரைக்கு 6. அமெரிக்க ஸ்டாண்டர்டு ஃபிளாஞ்ச்சில் அப்படி இல்லை. 1 இஞ்ச்சைத் தாண்டிட்டா இஞ்ச்சுக்கு 8-தான். பொடி மரைன்னா போல்ட்டோட உள் தண்டு தடிமனா இருக்கும், இறுக்கறதும் நிதானமா அமையும்.

வொர்க்‌ஷாப்ல ரம்பப் பல் மாதிரி தகடுகளோட பிட்ச் கேஜ் இருக்கும், கேட்டு வாங்குங்க. 55-க்கும் 60-க்கும் தனித்தனி தகடு. விட்டத்துக்கு வெர்னியர். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம் பாஸ்!