வளைந்த முன்கவையும் வண்டியின் போக்கும்

தந்தை ஓடிய துவிச்சக்கர வண்டியை மகன் ஓடும் வழக்கம் நம் குடும்பங்களிற் பழையது. 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருள் அரிதாகிய யாழ்ப்பாணத்தில் நோயாளரையும் நெல்மூட்டைகளையும் சுமந்தவை இவ்வண்டிகளே. ஆதலின், எங்கேனும் மோதி முன்கவை வளைந்துவிட்டால், “சூடு காட்டி நிமிர்த்தினாற் போதும்” என்று எண்ணுகின்றோம். ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கின்றது.

கடைக்காரர் ‘போர்க்’ என்னும் முன்கவை, சில்லைத் தாங்குவதோடு வண்டியின் போக்கையும் நிர்ணயிக்கின்றது. அதன் கால்கள் நுனியில் முன்னோக்கி வளைந்திருப்பது அழகுக்காக அன்று. கவையின் மேற்குழாய் சாய்ந்திருக்கும் கோட்டை நிலம்வரை நீட்டிப் பார்த்தால், சில்லு நிலத்தைத் தொடும் இடம் அக்கோட்டுக்குச் சற்றுப் பின்னே அமைந்திருக்கும். சில்லுவைத்த நாற்காலியைத் தள்ளும்பொழுது அதன் சிறு சில்லுகள் தாமே திரும்பிப் பின்தொடருமன்றோ? அவ்வாறே முன்சில்லும் நேராக நிற்க முயல்கின்றது. கவையின் வளைவு மிகுந்தால் இவ்விடைவெளி குறைந்து வண்டி தடுமாறும்; வளைவு குறைந்தால் திருப்புதல் பாரமாகும். பிரித்தானிய அறிஞர் டேவிட் ஜோன்ஸ், முன்சில்லை 4 அங்குலம் முன்தள்ளிப் பொருத்தி, ஓடுதற்கரிய வண்டியொன்றைச் செய்து 1970இல் இதனை விளக்கினார். வேறு காரணங்களும் உண்டென 2011இல் ஆய்வாளர் காட்டினராயினும், நம் வீட்டு வண்டிகளுக்கு இவ்விடைவெளியின் பயன் பெரிது.

கவை பின்வளைந்த வண்டியிற் திரும்பும்பொழுது பாதம் மட்காட்டில் இடிக்கும். முறுகியிருந்தால் ஒரு பக்கமாக இழுக்கும். வளைந்து, சூடேறி, மீண்டும் நிமிர்ந்த உருக்கு பின்னொருநாள் திடீரென முறியவுங் கூடும். எனவே மாற்றுதலே முறை.

புதியது வாங்கச் செல்லும்பொழுது பழைய கவையையும் உடன்கொண்டு செல்லுதல் நன்று. சில்லு 28 அங்குலமா, 26 அங்குலமா என்பதையும், மேற்குழாயின் நீளத்தையும், கால்களின் வளைவையும் ஒப்பிடுதல் வேண்டும். புரிகளையும் நோக்குக. பொதுவான பிரித்தானிய அளவு அங்குலத்துக்கு 24 புரிகள். நொட்டிங்காமிற் செய்த பழைய ரலி வண்டிகளுக்கோ 26. பொருந்தாத நட்டை முறுக்கினால் புரி தேய்ந்துவிடும். ஓடுபவரின் உயரத்துக்கேற்ப ஹாண்டிலை உயர்த்தலாம். எனினும் அதன் தண்டு 2½ அங்குலமேனும் குழாயினுள் இருத்தல் வேண்டும்.

பூட்டி முடிந்ததும் முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்போம். ‘தட், தட்’ என்னும் ஆட்டம் இருத்தலாகாது. பின்னர் முற்றத்தில் ஓடிப் பார்த்தே வீதிக்கு இறங்குதல் தகும்.

செலவை எண்ணித் தயங்கும் பெற்றோர், விடியுமுன்னர் அவ்வண்டியில் ரியூசனுக்குச் செல்லும் பிள்ளையையும் ஒருகணம் எண்ணுவாராக.