ஆரம்பகாலப் போசணையும் பூப்படையும் வயதும்

ஒரே வகுப்பில் கற்கும் ஒரே வயதுடைய மாணவர்களை அவதானியுங்கள். ஒருவர் உயர்ந்து வளர்ந்திருப்பார். மற்றவர் இன்னமும் சிறுபிள்ளைத் தோற்றத்துடன் இருப்பார். இவ்வேறுபாட்டுக்குப் பிரதான காரணம் பரம்பரையாகும். அதற்கு அடுத்தபடியாகச் செல்வாக்குச் செலுத்தும் முக்கிய காரணிகளுள் ஒன்று போசணையாகும். இன்று உண்ணும் உணவு மட்டுமன்றி, தாயின் கருப்பையில் இருந்த காலம் முதல் கிடைத்த போசணையும் இதில் பங்குகொள்கின்றது. அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் படிப்படியாக நோக்குவோம்.

1. பூப்பு எவ்வாறு ஆரம்பிக்கின்றது?

மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழ், ஓர் ஓமோனைத் துடிப்புத் துடிப்பாகச் சுரந்து கபச்சுரப்பியைத் தூண்டுகின்றது. கபச்சுரப்பி, புடைப்புத் தூண்டும் ஓமோனையும் லூட்டினாக்கும் ஓமோனையும் குருதியில் விடுகின்றது. இவை பெண்களில் சூலகத்தையும் ஆண்களில் விதையையும் தூண்டுவதால் முறையே ஈஸ்திரஜனும் தெஸ்தெஸ்தரோனும் கூடுதலாகச் சுரக்கப்படுகின்றன. துணைப் பாலியல்புகள் பெரும்பாலும் இவற்றாலேயே தோன்றுகின்றன.

இத்தொகுதி பூப்பின்போது புதிதாக உருவாவதன்று. கருப்பையினுள்ளும் பிறந்து சில மாதங்கள் வரையும் தொழிற்பட்டு, பின்னர் பிள்ளைப்பருவம் முழுவதும் அடக்கி வைக்கப்பட்டு, மீண்டும் செயற்படத் தொடங்குகின்றது. எனவே, நாம் கேட்கவேண்டிய வினா "இந்தத் தடை எப்போது நீங்குகின்றது?" என்பதே.

பொதுவாகப் பெண்பிள்ளைகளில் 8 – 13 வயதுக்கு இடையிலும் ஆண்பிள்ளைகளில் 9 – 14 வயதுக்கு இடையிலும் பூப்பு ஆரம்பிக்கும். பெண்பிள்ளைகளில் பெரும்பாலும் மார்பக விருத்தியே முதல் அறிகுறி. முதல் மாதவிடாய் அதிலிருந்து ஏறத்தாழ 2 வருடங்களின் பின்னரே ஏற்படும்.

2. உடலின் சக்திச் சேமிப்பை மூளை அறிவது எவ்வாறு?

வளர்ச்சிக்கும், பிற்காலத்தில் கருவைத் தாங்குவதற்கும் பெருமளவு சக்தி தேவை. எனவே சக்திச் சேமிப்புப் போதாத உடலில் பூப்பு பிற்போடப்படுகின்றது. 1994 இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஓமோன் இத்தகவலைக் கொண்டுசெல்லும் தூதுவர்களுள் ஒன்றாகும். இது கொழுப்பிழையத்தில் சுரக்கப்படுகின்றது. கொழுப்பிழையம் குறைந்தால் குருதியில் லெப்டினும் குறையும். பரிவகக்கீழின் தடை நீடிக்கும்.

பிறப்பிலேயே லெப்டினைச் சுரக்க இயலாத பிள்ளைகள் மிக அரிதாக உள்ளனர். அவர்கள் சிகிச்சையின்றி இயல்பாகப் பூப்படைவதில்லை. லெப்டினைக் கொடுத்தாலும் உரிய வயது வந்த பின்னரே பூப்பு ஆரம்பிக்கின்றது. ஆகவே லெப்டின் பூப்புக்கு "அனுமதி" வழங்குகின்றதேயன்றி, தனியே அதனைத் தொடக்கி வைப்பதில்லை.

3. போசணைக் குறைபாடு நீடித்தால்

தொடர்ச்சியாகப் போதிய உணவு கிடைக்காத சமூகங்களில் பூப்பு பிந்துகின்றது. 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் சில நாடுகளில் முதல் மாதவிடாயின் சராசரி வயது 16 – 17 அளவில் இருந்தது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது 13 அளவுக்குக் குறைந்தது. ஒரு நூற்றாண்டில் ஒரு சமூகத்தின் பரம்பரையலகுகள் இவ்வளவு மாறிவிடா. போசணை உயர்ந்தமையும் தொற்றுநோய்கள் குறைந்தமையுமே இதற்கான பிரதான விளக்கமாகும்.

4. முதலில் குறைபாடு, பின்னர் விரைவான வளர்ச்சி

"போசணை குறைந்தால் பூப்பு பிந்தும்" என்று மட்டும் எழுதும் விடை முழுமையானதன்று. குறைபாடு எக்காலத்தில் ஏற்பட்டது என்பதும் முக்கியம்.

இந்தியாவிலிருந்து சுவீடனுக்குத் தத்தெடுத்துச் செல்லப்பட்ட 107 பெண்பிள்ளைகள் பற்றிய ஆய்வு 1991 இல் வெளியானது. இவர்களுட் பலர் சிறுவயதில் போசணைக் குறைபாட்டினால் வளர்ச்சி குன்றியிருந்தனர். புதிய நாட்டில் போதிய உணவு கிடைத்ததும் விரைவாக வளர்ந்தனர். ஆனால் அவர்களின் முதல் மாதவிடாயின் இடைய வயது 11.6 ஆக இருந்தது. இது சுவீடன் நாட்டுப் பெண்பிள்ளைகளின் ஏறத்தாழ 13 வயதிலும் குறைவாகும். பூப்பு முந்தியதால் உயரம் கூடும் காலமும் சுருங்கி, பலர் குறைந்த உயரத்துடனேயே நின்றுவிட்டனர்.

சூழல் மாற்றம் போன்ற வேறு காரணிகளும் இதில் பங்கேற்றிருக்கலாம். எனினும், ஆரம்பத்தில் குறைந்த போசணைக்குப் பழகிய உடல், பின்னர் மிகுதியான உணவைப் பெறும்போது பூப்பு முந்தக்கூடும் என்பதை இது காட்டுகின்றது.

5. மிகைபோசணை

பிள்ளைப்பருவத்தில் உடற்பருமன் கூடிய பெண்பிள்ளைகள் ஏனையோரைவிட முந்திப் பூப்படையும் போக்கு பல நாடுகளில் அவதானிக்கப்பட்டுள்ளது. ஆண்பிள்ளைகளில் இத்தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை.

6. இதன் முக்கியத்துவம்

ஈஸ்திரஜன் முதலில் வளர்ச்சியைத் துரிதப்படுத்தினும், பின்னர் என்புகளின் வளர்ச்சித் தட்டுகளை மூடச் செய்கின்றது. முதல் மாதவிடாயின் பின்னர் ஒரு பெண்பிள்ளை பொதுவாக இன்னும் 5 – 7 சென்ரிமீற்றர் அளவே உயர்கிறாள். எனவே, உயரத்துக்குத் தேவையான போசணை அதற்கு முன்னரே கிடைத்திருக்க வேண்டும்.

எமது வீடுகளில் பூப்படைந்த பிள்ளைக்கு முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி என்பன கொடுப்பது வழக்கம். இவை புரதமும் சக்தியும் தருவன. ஆனால் இந்தக் கவனிப்பு சில நாட்களுக்கு மட்டும் உரியதன்று. கர்ப்பிணித் தாயின் உணவு, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் ஊட்டல், அதன்பின் தகுந்த மேலதிக உணவு, பாடசாலை வயதில் நிறையுணவு என்பனவே அடித்தளமாகும். மகனுக்கும் மகளுக்கும் இது சமமாகக் கிடைக்கவேண்டும்.

மாணவர்களே, நண்பரைவிட முந்தியோ பிந்தியோ பூப்படைவது குறைபாடன்று. அதைக் கேலி செய்வதும் தகாது. பூப்பைப் பிற்போட எண்ணி உணவைக் குறைப்பது வளர்ச்சியையே பாதிக்கும். பெண்பிள்ளை 8 வயதுக்கு முன்னரோ ஆண்பிள்ளை 9 வயதுக்கு முன்னரோ பூப்பின் அறிகுறிகளைக் காட்டினால் வைத்திய ஆலோசனை பெறவேண்டும். முறையே 13, 14 வயதாகியும் அறிகுறி எதுவும் தோன்றாவிடினும் அவ்வாறே செய்க.

மாதிரி வினா

"போசணைக் குறைபாடு எப்போதும் பூப்பைப் பிற்போடும்." இக்கூற்றை ஆராய்க.

விடையில் இடம்பெற வேண்டியவை:
(i) நீடித்த குறைபாட்டில் கொழுப்பிழையமும் லெப்டினும் குறைவதால் பூப்பு பிந்தும்.
(ii) ஆரம்பக் குறைபாட்டின் பின் விரைவான வளர்ச்சி ஏற்படின் பூப்பு முந்தலாம். உதாரணம் தருக.
(iii) பரம்பரை, நோய்கள், சூழல் என்பனவும் செல்வாக்குச் செலுத்தும்.
(iv) முடிவு: கூற்று முழுமையாகச் சரியன்று. குறைபாடு ஏற்பட்ட காலமும் அதன் பின்னரான வளர்ச்சி வேகமும் கருத்திற் கொள்ளப்பட வேண்டும்.