பக்கத்துக் காலி மனை

"அது நம்ம இடமில்லையே, நமக்கென்ன?" என்று இருந்துவிடுகிறோம். கொசுவுக்கு வேலி ஏது? காலி மனையில் கிடக்கும் கொட்டாங்கச்சியிலும் பழைய டயரிலும் தேங்கும் மழைநீர் போதும், டெங்குக் கொசு முட்டையிட. ஏழு, பத்து நாளில் கொசுவாகிப் பறந்து வரும். அது பகலில் கடிப்பது. மதியம் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள்.

மனையைக் கவனிப்பது சொந்தக்காரர் பொறுப்பு. தமிழ்நாட்டில் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, கொசு பெருகும்படி தண்ணீர் தேங்கவிடக் கூடாது. சுகாதார அதிகாரி அவருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். கேட்காவிட்டால் தாமே சுத்தம் செய்து செலவை அவரிடமே வசூலிக்கலாம். ஆகவே, தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து கையெழுத்திட்டு, நகராட்சியிலோ ஊராட்சியிலோ மனு கொடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று: நம் வீட்டுக் கொட்டாங்கச்சி மதில் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வோமா?